பெல் ஹவுசிங் அடியில் ஆயில்: கியர்பாக்ஸ் இறக்குவதற்கு முன் என்னென்ன பார்க்கணும்?

எண்ணெய்த்துளி | பதிவு 1

வணக்கம். வண்டி 2.0 லிட்டர் காமன் ரயில் டர்போ டீசல், நான்கு சிலிண்டர். எஞ்சின் நீளவாக்கில் உட்கார்ந்திருக்கு, பின்சக்கர ஓட்டம், மேனுவல் கியர், டைமிங் செயின். ஓடியது 1,85,000 கி.மீ. ஆயில் கொள்ளளவு 6.5 லிட்டர்.

எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்துக்கு (பெல் ஹவுசிங்) நேர் கீழே ஆயில் சொட்டுது. ராத்திரி நிறுத்தினால் காலையில் உள்ளங்கை அளவு கறை. 1,000 கி.மீ.க்கு 400 மி.லி. வரை ஊற்ற வேண்டியிருக்கு. நீலப் புகை இல்லை, கிளட்ச் நழுவல் இல்லை. ஒர்க்ஷாப்பில் லிஃப்டில் ஏற்றிப் பார்த்துவிட்டு "கிராங்க்ஷாஃப்ட் பின்பக்க சீல் (ஆயிலைத் தடுக்கும் ரப்பர் வளையம்) போச்சு, கியர்பாக்ஸ் இறக்கணும்" என்று சொல்லிவிட்டார்கள். அதுக்கு முன்னாடி பார்க்க வேண்டியது வேற ஏதாவது இருக்கா?

மேலிருந்துகீழே | பதிவு 2

நிறைய இருக்கு. பெல் ஹவுசிங் அடிப்பகுதி ஒரு வடிகால் மாதிரி. எஞ்சினின் பின்பாதியில் எங்கே கசிந்தாலும் கடைசியில் அங்கேதான் வந்து சொட்டும். எஞ்சின் கொஞ்சம் பின்பக்கம் சாய்ந்துதான் மாட்டியிருக்கும், ஓடும்போது காற்றும் ஆயிலைப் பின்னால் தள்ளும். அதனால் லிஃப்டில் ஏற்றி அடியிலிருந்து பார்க்கிறவர் கண்ணுக்கு எல்லாமே பின் சீல்தான்.

முதலில் சொட்டுவது எஞ்சின் ஆயில்தானா? வெள்ளைத்தாளில் ரெண்டு சொட்டுப் பிடிங்க. டீசல் எஞ்சின் ஆயில் கரியால் கறுத்திருக்கும். கியர் ஆயில் தேன் நிறம், விரலில் தேய்த்தால் கந்தக நெடி. பவர் ஸ்டீயரிங் ஆயில் பெரும்பாலும் சிவப்பு. தாளில் சொட்டைச் சுற்றி மெல்லிய வெளிர் வளையம் அகலமாகப் பரவி டீசல் வாடை அடித்தால் எரிபொருள் கசிவும் கலந்திருக்கலாம். அப்படி இருந்தால் எஞ்சின் ஓடும்போது உயரழுத்த பைப் பக்கம் கையை வைத்துத் தடவிப் பார்க்காதீங்க. காமன் ரயிலில் அழுத்தம் 1,600 பாரைத் தாண்டும், ஊசிமுனை ஓட்டையிலிருந்து வரும் பீச்சல் தோலுக்குள் இறங்கிவிடும். அது மேலே சிறிய புள்ளியாகத் தெரிந்தாலும் உடனே அறுவை சிகிச்சை தேவைப்படும் காயம்.

ரெண்டாவது, எப்போது சொட்டுது என்று கவனிங்க. நேரத்தை வைத்தே பாதி இடங்களைக் கழித்துவிடலாம்.

எஞ்சின் ஓடும்போது மட்டும் வேகமாக ஒழுகினால் அழுத்தப் பக்கம்: ஆயில் பிரஷர் சுவிட்ச், டர்போ ஃபீடு பைப், ஃபில்டர் ஹவுசிங், ஆயில் கூலர். ஓட்டத்தில் அங்கே 3 முதல் 5 பார் இருக்கும், முடி அளவு இடைவெளி போதும். நிறுத்திய பிறகு பத்து இருபது நிமிஷம் சொட்டி நின்றுவிட்டால், மேலே தேங்கிய ஆயில் வடிகிறது என்று அர்த்தம்: டேப்பட் கவர் (எஞ்சின் தலையின் மேல்மூடி), வேக்கம் பம்ப் (பிரேக்குக்கு உறிஞ்சல் தருவது), கேம் பின்மூடி. ராத்திரி முழுக்க ஒரே சீராகச் சொட்டினால் ஆயில் மட்டத்துக்குக் கீழே உள்ள இடம்: சம்ப் (அடியிலுள்ள ஆயில் தொட்டி) மூட்டு, டிரெயின் பிளக், மட்ட சென்சார். கிராங்க் பின் சீலின் உதடு, எஞ்சின் நின்றிருக்கும்போது ஆயில் மட்டத்துக்கு மேலே இருக்கும். அதனால் அந்த சீல் மட்டும் போயிருந்தால் ராத்திரி முழுக்கச் சொட்டாது.

கருப்புப்புகை | பதிவு 3

// 1,000 கி.மீ.க்கு 400 மி.லி. //

இதையும் காலைக் கறையையும் ஒண்ணா முடிச்சுப் போடாதீங்க பாஸ். உள்ளங்கை கறைக்குச் சில மி.லி. போதும். கழிவு ஆயிலைக் கொஞ்சம் தரையில் விட்டுப் பாருங்க, எவ்வளவு சின்ன அளவு எவ்வளவு பெரிய கறையாகுதுன்னு தெரியும். பெரிய அளவு ஓட்டத்திலேதான் போகுது.

அளக்கணும்னா அகலமான தட்டு ஒண்ணை எடை போட்டு அடியில் வைங்க, 8 மணி நேரம் கழிச்சு மறுபடி எடை போடுங்க. எஞ்சின் ஆயில் அடர்த்தி 0.87 பக்கம், அதனால 10 கிராம்னா சுமார் 11.5 மி.லி. ரிப்பேருக்கு அப்புறம் அதே தட்டை அதே மாதிரி வைத்தால்தான் வேலை உருப்பட்டதான்னு தெரியும். அடியில் பிளாஸ்டிக் கவசம் இருந்தா முதலில் கழட்டுங்க. பழைய ஆயில் அரை டம்ளர் அதில் தேங்கி நிற்கும், லீக்கை அடைச்ச பிறகும் ஒரு வாரம் சொட்டும்.

இன்னொண்ணு. டி.பி.எஃப். (புகைக்கரி வடிகட்டி) இருக்கிற வண்டியா? ரீஜெனரேஷன் (அதில் சேர்ந்த கரியை எரிக்கிறது) பாதியில நின்னு நின்னு போனா டீசல் சம்ப்பில் இறங்கி ஆயில் மட்டம் ஏறும். கசியுற அளவும் ஏறுற அளவும் ஒண்ணா இருந்தா டிப்ஸ்டிக் (ஆயில் அளக்கும் கம்பி) காட்டுற மட்டம் மாசக்கணக்கில் அசையாது. மட்டம் சரியா இருக்கு, அதனால லீக் சின்னதுதான்னு முடிவு கட்டாதீங்க.

எண்ணெய்த்துளி | பதிவு 4

டி.பி.எஃப். இருக்கு. ஆயில் மூன்று மாசம் முன்னாடி மாற்றியது, டிப்ஸ்டிக்கில் டீசல் வாடை இல்லை. தட்டு வைத்துப் பார்த்தேன்: நிறுத்திய முதல் அரை மணியில் 9 கிராம். அதற்குப் பிறகு ராத்திரி முழுக்கச் சேர்த்து 3 கிராம். கறுப்பு நிறம், கந்தக நெடி இல்லை.

மேலிருந்துகீழே | பதிவு 5

அப்படியானால் முக்கால்வாசி மேலே தேங்கியது வடிகிறது. மிச்ச 3 கிராம் சம்ப் மூட்டாகவும் இருக்கலாம், வடிந்து முடியாத மிச்சமாகவும் இருக்கலாம்.

இனி கழுவுங்க. கழுவாமல் தேடுவது வீண் வேலை. எஞ்சின் வெதுவெதுப்பாக, கை வைக்கும் சூட்டில் இருக்கணும். ஆல்டர்னேட்டர், ஏர் இன்டேக், இன்ஜெக்டர் கனெக்டர்கள், ஈ.சி.யூ. (எஞ்சின் கம்ப்யூட்டர்) எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையால் கட்டிவிட்டு டிகிரீஸர் அடிங்க, 10 நிமிஷம் ஊறட்டும், பிரஷால் தேயுங்க, குறைந்த அழுத்தத் தண்ணீரில் அலசுங்க. பிரஷர் வாஷரைக் கிட்டே வைத்து அடித்தால் கனெக்டருக்குள் தண்ணீர் ஏறும், லீக் தேடப்போய் வயரிங் கோளாறோடு திரும்பி வருவீங்க. கம்ப்ரஸர் காற்றில் உலர்த்தி, மூலைகளை பிரேக் கிளீனரும் பனியன் துணியும் வைத்துத் துடையுங்க. எஞ்சின் தலையின் பின்பக்கம், தீச்சுவரை (கேபினின் முன்சுவர்) ஒட்டிய இடுக்கை மறக்காதீங்க. அங்கே கை போகாது, ஆனால் உங்கள் வண்டியில் எனக்குச் சந்தேகமே அந்த இடத்தில்தான். நீளவாக்கு டீசலில் பிரேக் பூஸ்டருக்கான வேக்கம் பம்ப் பெரும்பாலும் கேம்ஷாஃப்ட்டின் பின்முனையில் மாட்டியிருக்கும். அதன் ஓரிங் (ரப்பர் வளையம்) காய்ந்தால் ஆயில் பிளாக்கின் பின்முகம் வழியாக நேராகப் பெல் ஹவுசிங் மேலே இறங்கி, பக்கவாட்டில் சுற்றி, அடியில் வந்து நிற்கும். பின் சீல் ஒழுகுவதற்கும் இதற்கும் அடியிலிருந்து பார்த்தால் வித்தியாசமே தெரியாது.

நீலவிளக்கு | பதிவு 6

கழுவிய பிறகு யு.வி. சாயம் ஊற்றுங்கள். எஞ்சின் ஆயிலுக்கு என்று போட்டிருக்கும் சாயம்தான் வாங்கணும், ஏ.சி.க்கானது வேறு. குப்பியில் உள்ள அளவைப் பாருங்கள், பொதுவாக 4 – 5 லிட்டருக்கு 30 மி.லி. பக்கம் வரும். 20 நிமிடமாவது ஓட்டுங்கள், ஆயில் முழுச்சூட்டுக்கு வரணும். அப்புறம் இருட்டில் யு.வி. டார்ச், மஞ்சள் கண்ணாடி. பச்சை மஞ்சளாக ஒளிரும் கோட்டைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறிப் போங்கள், கோடு எங்கே முடிகிறதோ அதுதான் ஊற்று.

கருப்புப்புகை | பதிவு 7

சாயம் பெட்ரோலுக்குச் சரி. டீசலில் கரி ஒளியைக் குடிச்சிடும். மூணு மாசம் ஓடின ஆயிலில் ஊத்தினா மங்கலாத்தான் தெரியும். எனக்கு வெள்ளைப் பவுடர் ஸ்பிரேதான். வெல்டிங் விரிசல் பார்க்கிற டெவலப்பர் ஸ்பிரே கிடைச்சா நல்லது. உலர்ந்த உலோகத்தில் மெல்லிசா அடிங்க, 5 நிமிஷம் ஐடிலில் விடுங்க. ஆயில் பட்ட இடம் கறுப்புக் கோடா இறங்கும். ஒரே கண்டிஷன், சுத்தமா உலர்ந்திருக்கணும், இல்லன்னா எல்லா இடமும் கறுப்பாயிடும்.

நீலவிளக்கு | பதிவு 8

கரி ஒளியைக் குறைக்கும் என்பது உண்மை, அதற்காகச் சாயத்தைத் தள்ளிவிட வேண்டாம். புது ஆயிலோடு சேர்த்து ஊற்றினால் பிரச்சினையே இல்லை. பவுடர் கண்ணுக்கு எட்டும் இடத்தில்தான் உதவும், தலையின் பின்பக்கத்தில் பவுடர் அடித்தால் யார் பார்ப்பது? சாயத்தை எண்டோஸ்கோப் கேமராவிலும் பார்க்கலாம், கேமராவின் சொந்த விளக்கை அணைத்துவிட்டு யு.வி. டார்ச்சை வேறு பக்கத்திலிருந்து காட்டணும்.

டார்க்ரெஞ்ச் | பதிவு 9

ரெண்டும் செய்யலாம், சண்டை வேண்டாம். ஆனால் இன்னும் யாரும் ப்ரீதர் (எஞ்சினின் மூச்சுக் குழாய்) பற்றிப் பேசவில்லை. எந்த சீலையும் மாற்றும் முன் கிராங்க்கேஸ் (கிராங்க் சுற்றும் எஞ்சின் அடிப்பகுதி) அழுத்தத்தை அளக்கணும். பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கொஞ்சம் வாயு எப்போதும் கீழே இறங்கும், ப்ரீதர் அதை டர்போவின் உறிஞ்சு பக்கத்துக்கு அனுப்பும். ப்ரீதர் அடைத்தால் அந்த வாயுவுக்குப் போக இடமில்லை, இருப்பதில் பலவீனமான ரப்பரைத் தேடித் தள்ளும். அந்த நிலையில் கிராங்க் பின்பக்க சீலை மாற்றினால் அடுத்த மாசம் முன் சீல், அதற்கடுத்து டேப்பட் கவர் என்று ஒவ்வொன்றாகக் கிளம்பும்.

கருவி எதுவும் வேண்டாம். ஒன்றரை மீட்டர் தெளிவான பிளாஸ்டிக் குழாய், யு வடிவில் ஒரு பலகையில் கட்டுங்க, சாயம் கலந்த தண்ணீரைப் பாதி வரை விடுங்க. ஒரு முனையை ஆயில் ஊற்றும் மூடிக்குப் பதிலாக ஓட்டை போட்ட ரப்பர் அடைப்பில் செருகுங்க, மறுமுனை திறந்திருக்கட்டும். டிப்ஸ்டிக் குழாயில் செருகலாம் என்று பல இடங்களில் சொல்வார்கள். சில எஞ்சின்களில் அந்தக் குழாயின் கீழ்முனை ஆயிலுக்குள் மூழ்கியிருக்கும், அப்போது வரும் எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

எஞ்சின் சூடானதும் ஐடிலில் ஒரு அளவு, 2,500 ஆர்.பி.எம்.மில் ஒரு அளவு. ரெண்டு பக்க நீர்மட்டத்துக்கும் உள்ள உயர வித்தியாசம்தான் கணக்கு, 1 செ.மீ. என்பது ஏறக்குறைய 1 மில்லிபார். சரியான வரம்பு உங்கள் எஞ்சினின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். மூடிய ப்ரீதர் உள்ள எஞ்சினில் சுழியை ஒட்டியோ கொஞ்சம் உறிஞ்சும் பக்கமோ நிற்கணும். வேகம் ஏற ஏற வெளியே தள்ளும் பக்கம் ஏறினால் கோளாறு.

எண்ணெய்த்துளி | பதிவு 10

ஐடிலில் தள்ளும் பக்கம் 4 செ.மீ., 2,500 ஆர்.பி.எம்.மில் 16 செ.மீ. ரிங் போச்சா?

டார்க்ரெஞ்ச் | பதிவு 11

அவசரப்பட வேண்டாம். ப்ரீதர் குழாயை ஆயில் பிரிப்பான் (ஆவியிலிருந்து ஆயிலைப் பிரிக்கும் பெட்டி) வெளிவரும் முனையில் கழட்டுங்க, டர்போ பக்கத்து முனையைத் துணி கட்டி மூடுங்க, தூசி போனால் கம்ப்ரஸர் சக்கரம் காலி. இப்போது மறுபடி அளங்க. அளவு இறங்கினால் அடைப்பு குழாயில் அல்லது டர்போ இணைப்பில். இறங்காவிட்டால் பிரிப்பானில். அதையும் கழட்டிவிட்டு எஞ்சின் பக்கத்து வாயைப் பாருங்க: மெல்லிய ஆவி மூச்சு போல வருவது சகஜம், கையைத் தள்ளும் அளவுக்குத் துடித்துத் துடித்து வந்தால் ரிங் அல்லது இன்ஜெக்டர் வாஷர்.

இன்ஜெக்டர் செப்பு வாஷரைப் பலரும் மறந்துவிடுவார்கள். அடியில் உட்காரும் வாஷர் விட்டால் எரிவாயு மேலே ஏறும். இன்ஜெக்டர் வெளியே தெரியும் எஞ்சினில் சுற்றிலும் தார் போலக் கறுப்பு மேடு கட்டும், குளிர்ந்த ஐடிலில் "சுக் சுக்" சத்தம் கேட்கும். இன்ஜெக்டர் டேப்பட் கவருக்குள் இருக்கும் எஞ்சினில் அந்த வாயு நேரே கிராங்க்கேஸுக்குள் போகும், ஆயில் கெட்டியாகிச் சம்ப் வடிகட்டியை அடைக்கும். அது லீக்கை விடப் பெரிய தலைவலி.

எண்ணெய்த்துளி | பதிவு 12

குழாயை மட்டும் கழட்டியபோது 15 செ.மீ. பிரிப்பானையும் கழட்டியதும் 1 செ.மீ.க்குக் கீழே. மூச்சு மெல்லிசாகத்தான் வருது, துடிப்பு இல்லை. பிரிப்பானுக்குள் வலை கறுப்புக் கூழால் அடைத்திருக்கு.

சாயமும் ஊற்றிப் பார்த்தேன், புது ஆயிலோடு. கேமராவில் தெரிந்தது: வேக்கம் பம்ப்பின் கீழ் விளிம்பிலிருந்து ஒரு கோடு, விரல் அகலம், பெல் ஹவுசிங் மேல்வரை. சம்ப்பின் பின்மூலையில் மெல்லிய ஈரம். டேப்பட் கவர் சுத்தம். பெல் ஹவுசிங் அடியில் உள்ள ரப்பர் அடைப்பை எடுத்துக் கேமராவை உள்ளே விட்டேன், ஃப்ளைவீலும் (கிராங்க் முனையில் சுற்றும் கனச் சக்கரம்) உள்சுவரும் காய்ந்திருக்கு, கிளட்ச் தூசி மட்டும்.

மேலிருந்துகீழே | பதிவு 13

அந்தக் கடைசி வரிதான் உங்கள் கியர்பாக்ஸைக் காப்பாற்றியது. பின் சீல் ஒழுகினால் ஃப்ளைவீல் அதை வீசியடிக்கும், ஹவுசிங் உட்சுவரில் வளையமாக ஆயில் தெறித்திருக்கும், கிளட்ச் தூசியும் சேர்ந்து கறுப்புச் சேறாக ஒட்டியிருக்கும். காய்ந்த தூசி என்றால் சீல் நல்லது. கியர்பாக்ஸ் இன்புட் சீல் விட்டிருந்தாலும் உள்ளே ஈரம்தான், ஆனால் அது கிளட்ச் கவர் பக்கம் இருக்கும், நெடியும் காட்டிக்கொடுக்கும்.

டார்க்ரெஞ்ச் | பதிவு 14

வரிசை: முதலில் ப்ரீதர், பிறகு வேக்கம் பம்ப், கடைசியில் சம்ப். பிரிப்பானைப் புதிதாகவே போடுங்க. கரைப்பானில் ஊறப்போட்டுக் கழுவலாம், ஆனால் உள்ளே டயாஃப்ரம் உள்ள வகையென்றால் கரைப்பான் அந்த ரப்பரை ஊதவைத்துவிடும். குழாய்களையும் உட்பக்கம் துடைத்து ஒளி தெரிகிறதா என்று பாருங்க. குளிர் பிரதேசத்தில் ஓடும் வண்டியென்றால் குழாய்க்குள் ஈரம் உறைந்தே அடைக்கும், அங்கே குழாயைச் சுற்றியுள்ள உறையைக் கழட்டி வீசிவிடக் கூடாது. ஏர் ஃபில்டரும் மாற்றுங்க, அடைத்த ஃபில்டர் டர்போவின் உறிஞ்சலைக் கூட்டி ப்ரீதர் வழியாக ஆயிலை இழுக்கும்.

வேக்கம் பம்ப்: ஆர்டர் போடுவதற்கு முன் கசிவு எஞ்சின் தலையோடு சேரும் முகத்திலா, பம்ப்பின் சொந்த மூடியும் உடலும் சேரும் இடத்திலா என்று பாருங்க. மூடியில் என்றால் ஓரிங் மாற்றிப் பயனில்லை, சில பம்ப்புக்கு மட்டும் தனி சீல் கிட் வரும், இல்லாவிட்டால் முழு பம்ப்.

பேட்டரி நெகட்டிவ் கழட்டுங்க. மேலே உள்ள இன்டேக் பைப்பை எடுத்து டர்போ வாயைப் பையால் கட்டுங்க. பூஸ்டர் குழாயின் பிளாஸ்டிக் பூட்டு வயதாகி நொறுங்கும், வெதுவெதுப்பாக இருக்கும்போது மெதுவாகக் கழட்டுங்க. அடியில் துணி திணித்துவிட்டு போல்ட்டுகளை எடுங்க, கொஞ்சம் ஆயில் வடியும், பயப்படாதீங்க. பம்ப் ஒட்டிக்கொண்டால் ஸ்க்ரூடிரைவரால் நெம்பாதீங்க, அலுமினிய முகத்தில் ஒரு கீறல் விழுந்தால் புது ஓரிங்கும் ஒழுகும். மர உளியோ பிளாஸ்டிக் ஆப்போ வைத்துப் பக்கவாட்டில் தட்டி அசையுங்க.

பழைய ஓரிங்கை எடுத்துப் பாருங்க. வட்டமாக இருக்க வேண்டியது ஒரு பக்கம் தட்டையாகி, வளைத்தால் சட்டென்று ஒடியும். புதியது கம்பெனி ஓரிங் அல்லது வைட்டான். சாதாரண நைட்ரைல் இந்தச் சூட்டுக்குச் சீக்கிரம் கல்லாகும். பள்ளத்தில் புது ஆயில் தடவி உட்கார வையுங்க. இந்த இடத்தில் சிலிக்கான் வேண்டவே வேண்டாம். பல பம்ப்புகளுக்கு ஆயில் வருவது இந்த முகத்தில் உள்ள சின்னத் துளை வழியாக. பிதுங்கிய சிலிக்கான் அதை மூடினால் பம்ப் வறண்டு பிடித்துக்கொள்ளும், பிரேக் உதவி போகும், கேம்ஷாஃப்ட் முனையையும் இழுத்துக்கொண்டு போகலாம்.

பம்ப்பின் நாக்கு கேம்ஷாஃப்ட் பள்ளத்தோடு சேரணும். கையால் அழுத்தினாலே முகம் முகத்தோடு உட்காரணும். 2 மி.மீ. இடைவெளி இருந்தால் நாக்கு பொருந்தவில்லை, எடுத்துத் திருப்பி மறுபடி வையுங்க. போல்ட்டால் இழுத்து மூடினால் காது உடையும். இறுக்கம் மேனுவலில் உள்ளபடி. மாட்டிய பிறகு எஞ்சின் அணைந்த நிலையில் பிரேக்கை 5 முறை அழுத்தி, கடைசியில் காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்க. சில நொடியில் பெடல் காலுக்கு அடியில் இறங்கணும். இறங்காமல் வண்டியை நகர்த்தக் கூடாது.

கருப்புப்புகை | பதிவு 15

இதைப் படிக்கிற மத்தவங்களுக்கு: பழைய டீசல் பலதில் வேக்கம் பம்ப் ஆல்டர்னேட்டர் முதுகில் இருக்கும், ஆயில் வர ஒரு பைப், போக ஒரு பைப். அங்கே ஷாஃப்ட் சீல் விட்டா ஆயில் ஆல்டர்னேட்டருக்குள்ளயே இறங்கி கார்பன் பிரஷ்ஷை ஊற வைக்கும். சார்ஜ் லைட்டும் ஆயில் லீக்கும் ஒண்ணா வந்தா முதல்ல அங்க பாருங்க. டைமிங் பெல்ட் எஞ்சின்ல முன் சீலோ கேம் சீலோ விட்டு பெல்ட்டில் ஆயில் பட்டிருந்தா துடைச்சுப் போடக் கூடாது, பெல்ட்டும் மாத்தணும்.

எண்ணெய்த்துளி | பதிவு 16

சம்ப்புக்கு கேஸ்கட் கிடையாது, சிலிக்கான்தான். பின்மூலையில் மட்டும் வெளியிலிருந்து பூசினால் நிற்குமா?

டார்க்ரெஞ்ச் | பதிவு 17

நிற்காது. ஆயில் ஊறிய விளிம்பில் மேலே பூசியது தோலாக உரியும். இறக்கித்தான் ஆகணும். இந்த வேலையில் அவசரப்படுகிறவர்கள்தான் ரெண்டாம் முறை செய்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாக.

வண்டியை ஜாக்கில் மட்டும் நிறுத்தி அடியில் போகாதீங்க, ஸ்டாண்ட் நாலும் போடுங்க. ஆயிலை வடித்து, போல்ட் எல்லாம் எடுத்து, மெல்லிய பிளேடால் மூட்டை வெட்டிப் பிரியுங்க. சம்ப்பை இறக்கியதும் உடனே ஒட்ட ஆரம்பிக்க வேண்டாம். பிளாக்கிலிருந்து ஆயில் சொட்டுச் சொட்டாக மணிக்கணக்கில் இறங்கும், துடைத்த விளிம்பு ஐந்து நிமிஷத்தில் மறுபடி பளபளக்கும். ஒரு ராத்திரி விடுங்க.

பழைய சிலிக்கானைப் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுங்க. கிரைண்டரில் மாட்டும் முடி டிஸ்க் வேண்டாம். அது விடும் அலுமினியம் ஆக்சைடு தூள் திறந்த எஞ்சினுக்குள் ஏறினால் பேரிங்கைத் தின்னும். போல்ட் ஓட்டைகளில் தேங்கிய ஆயிலையும் துணித் திரியால் உறிஞ்சி எடுங்க. கடைசித் துடைப்பு பிரேக் கிளீனர் நனைத்த வெள்ளைத் துணியால், துணி வெள்ளையாகவே வரும் வரை.

ரெண்டு நீள எம்6 ஸ்டட்டை எதிரெதிர் மூலையில் கையால் திருகி வையுங்க, சம்ப் அதில் நேராக ஏறும். இது இல்லாமல் தூக்கினால் சம்ப் ஒரு பக்கம் இடித்து, போட்ட சிலிக்கான் கோடு இழுபட்டுவிடும், நமக்குத் தெரியாது. சிலிக்கான் கோடு 3 மி.மீ. தடிமன், இடைவெளியில்லாமல், போல்ட் ஓட்டைகளுக்கு உட்பக்கமாக. முன்மூடியும் பின் சீல் தட்டும் பிளாக்கோடு சேர்ந்து சம்ப்பையும் சந்திக்கும் மூலைகளில் மட்டும் ஒரு பட்டாணி அளவு கூடுதல். உங்கள் பின்மூலை ஈரம் அநேகமாக அந்த மூலைதான். அதற்கு மேல் தாராளம் வேண்டாம்: வெளியே பிதுங்குவது போலவே உள்ளேயும் பிதுங்கும், அறுந்து விழுந்து ஆயில் பம்ப் வடிகட்டியில் போய் ஒட்டும்.

கோடு போட்டதும் தோல் கட்டுவதற்குள், 5 நிமிஷத்தில் ஏற்றுங்க. எல்லா போல்ட்டும் கைவிரலால், பிறகு நடுவிலிருந்து வெளியே, ரெண்டு சுற்றில். எம்6 என்றால் 10 நியூட்டன் மீட்டர் பக்கம், மேனுவல் எண் இருந்தால் அதுவே. ஆயில் ஊற்றுவதற்கு முன் டியூபில் உள்ள நேரம், முடிந்தால் 24 மணி. டிரெயின் பிளக்குக்குப் புது வாஷர். ஃபில்டர் மாற்றினால் பழைய ரப்பர் வளையம் ஹவுசிங்கிலேயே ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவுங்க, ரெண்டு வளையம் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்தால் ஸ்டார்ட் செய்த நிமிஷமே ஆயில் கொட்டும்.

நிறைக்கும்போது 6 லிட்டர் ஊற்றி நிறுத்தி, ஓட்டி, 10 நிமிஷம் கழித்து அளந்து மிச்சத்தை ஊற்றுங்க. மேல்கோட்டைத் தாண்டினால் கிராங்க் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும், ப்ரீதர் வழியாக இன்டேக்குக்குப் போகும். டீசல் எஞ்சின் அந்த ஆயிலையே எரித்துத் தானாக வேகம் எடுக்கும் ஆபத்து உண்டு. அப்போது சாவியைத் திருப்பினாலும் நிற்காது.

ஃப்ளைவீல் | பதிவு 18

பின் சீலே உண்மையில் போயிருந்தால் என்ன செய்வது என்று யாராவது இந்த இழைக்கு வருவார்கள். சுருக்கமாக.

கியர்பாக்ஸ் இறங்கியதும் சீலைப் பிடுங்கும் முன் உற்றுப் பாருங்கள். ஃப்ளைவீல் போல்ட் ஓட்டைகள் சில எஞ்சின்களில் கிராங்க்கேஸுக்குள் திறந்திருக்கும், மரைக்கு சீலன்ட் போடாமல் மாட்டியிருந்தால் ஆயில் போல்ட் வழியாக வந்து சீல் போலவே நடிக்கும். சீல் தட்டின் சொந்த மூட்டு, கேலரி அடைப்பு (பிளாக்கின் ஆயில் வழியை மூடும் அடைப்பு) இரண்டும் அப்படித்தான்.

சீல் கறுப்பு ரப்பரும் உள்ளே ஸ்பிரிங்கும் என்றால் உதட்டில் ஆயில் தடவி ஏற்றணும். உதடு வெள்ளையாகவோ பழுப்பாகவோ ஸ்பிரிங் இல்லாமல் இருந்தால் அது பி.டி.எஃப்.இ. (டெஃப்லான்), எண்ணெய் ஒரு துளியும் படக் கூடாது, காய்ந்த ஷாஃப்டில், கூட வரும் பிளாஸ்டிக் குழலோடு ஏற்றணும். ஏற்றிய பிறகு உதடு ஷாஃப்டில் சுருங்கி உட்காரச் சில மணி நேரம் எஞ்சினைச் சுற்றாமல் விடணும். இந்த இரண்டையும் மாற்றிச் செய்துதான் புது சீல்கள் ஒரு வாரத்தில் ஒழுகுகின்றன.

ஷாஃப்டில் நகம் மாட்டும் பள்ளம் இருந்தால் சீலை 1 மி.மீ. உள்ளேயோ வெளியேயோ வைத்து உதட்டைப் புது இடத்தில் ஓடவிடலாம், தட்டில் இடம் இருந்தால். இல்லாவிட்டால் மெல்லிய எஃகு உறை ஏற்றணும், அதன் தடிமன் 0.3 மி.மீ.க்கும் குறைவு என்பதால் அதே சீலே போதும். வேக சென்சார் வளையம் சீலோடு சேர்ந்த வகையில் அதற்கான கருவி இல்லாமல் தொடாதீர்கள், வளையம் சில பாகை தள்ளி உட்கார்ந்தாலே எஞ்சின் ஸ்டார்ட் ஆகாது. கிளட்ச் தட்டில் ஆயில் ஊறியிருந்தால் கழுவிப் போடுவது வேண்டாம், சூட்டில் மறுபடி வெளியே வரும்.

நீலவிளக்கு | பதிவு 19

லீக் அடைக்கும் மருந்து ஊற்றலாமா என்று கேள்வி வரும் முன்: அது ரப்பரை ஊதவைக்கும், அவ்வளவுதான். சிலிக்கான் மூட்டையும் ஒடிந்த ஓரிங்கையும் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. டி.பி.எஃப். வண்டியில் ஆயிலில் கலப்பதில் எரியாத பகுதி சாம்பலாக அங்கே போய்ச் சேரும். கெட்டி ஆயில் ஊற்றுவதும் இதே வகை, குளிர்ந்த ஸ்டார்ட்டில் டர்போ தாமதமாக ஆயில் பார்க்கும்.

கருப்புப்புகை | பதிவு 20

மருந்தில் எனக்கு ஒரே ஒரு விதிவிலக்கு. பழைய வண்டி, ரப்பர் உதட்டு சீல் காய்ஞ்சு லேசா கசியுது, விற்கவும் மனசில்லை, கியர்பாக்ஸ் இறக்கவும் மனசில்லை. அதுல சில ஆயிரம் கி.மீ. தள்ளலாம். மத்தபடி நீலவிளக்கு சொல்றதுதான்.

எண்ணெய்த்துளி | பதிவு 21

மூன்றும் முடிந்தது. நீர்க்குழாய் அளவு: ஐடிலில் உறிஞ்சும் பக்கம் 1 செ.மீ., 2,500 ஆர்.பி.எம்.மில் உறிஞ்சும் பக்கம் 2 செ.மீ. 600 கி.மீ. ஓடிய பிறகு தட்டில் ராத்திரிக்கு 1 கிராமுக்கும் குறைவு, டிப்ஸ்டிக் அசையவில்லை. பழைய ஓரிங் கையில் எடுத்தபோதே மூன்று துண்டாகப் போனது. ஒரு கேள்வி: சம்ப், பம்ப் போல்ட்டுகளை 1,000 கி.மீ.யில் மறுபடி இறுக்கணுமா?

டார்க்ரெஞ்ச் | பதிவு 22

வேண்டாம். பம்ப்பில் உலோகம் உலோகத்தோடு உட்கார்ந்திருக்கு, ஓரிங் பள்ளத்துக்குள் இருக்கு, இன்னும் இறுக்க அங்கே ஒன்றுமில்லை. சம்ப்பில் சிலிக்கான் கெட்டியாகிவிட்டது, இப்போது போல்ட்டைத் திருகினால் அது விளிம்பிலிருந்து விட்டுப் பிரியும். மறுஇறுக்கம் எல்லாம் கார்க், காகித கேஸ்கட் காலத்து வழக்கம். அந்த ஒரு கிராம் பெல் ஹவுசிங் இடுக்கில் தேங்கிய பழைய ஆயிலாகத்தான் இருக்கும். பிரேக் கிளீனரில் துடைத்துவிட்டு அடுத்த வாரம் தட்டை வைத்துப் பாருங்க, அப்போது புதுசா பழசா தெரிந்துவிடும்.